முடியாத வேலையும் முடிந்துபோன வேலையும்

பலெர்மோ பல்கலைக்கழகத்தில் என் மகள் முகாமைத்துவப் பொறியியல் படிக்கிறாள். படிக்கத் தொடங்கிய புதிதில் ஒருநாள், குசினி வாசலில் நின்று அன்றைய பாடத்தை எனக்கு ஒப்பித்தாள்.

"அப்பா, புறொஜெக்ட் எண்டால் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கோணும். ஒருக்காத்தான் செய்யிறது. ஒப்பரேஷன் அப்பிடியில்லை. ஒவ்வொரு நாளும் அதையே திருப்பித் திருப்பிச் செய்யிறது, முடிவு கிடையாது. தியேட்டர் கட்டிறது புறொஜெக்ட். கார் செய்யிறது ஒப்பரேஷன்."

பிள்ளை வேறு உதாரணம் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் இத்தனை காலம் குப்பை கொட்டியவனிடம் போய்த் தியேட்டரையும் காரையும் சொன்னால் சிரிப்பு வராதா? பலெர்மோவில் தியேட்டருக்கு முடிவே இருக்கவில்லை. முடிந்துபோனது கார்தான்.

நான் 1990இல் வந்தவன். வேர்டி சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவும் வேலை கிடைத்தது. எதிரே தேயாத்ரோ மாஸ்ஸிமோ, இத்தாலியின் ஆகப் பெரிய ஒப்பெரா மாளிகை. கதவெல்லாம் பூட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்குப் பூட்டிக் கிடக்கும் பெரிய கட்டடத்தைக் கண்டால் என்ன தோன்றும்? ஷெல் விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதலாம் மாடிச் சிஞ்ஞோரா திருத்தினா. மின்சார வயர் மாற்றுகிறார்களாம், தீப்பாதுகாப்பு வேலையாம், கெதியில் திறந்துவிடுவார்களாம். எப்போது பூட்டினார்கள் என்று கேட்டேன். 1974 ஜனவரியில் என்றா, ஏதோ போன கிழமை நடந்ததுபோல. என்னோடு வேலை செய்த அண்ணர் கணக்குப் பார்த்துவிட்டு, பதினாறு வருடம் இழுத்த வயர் என்றால் இதற்குள் பருத்தித்துறைக்கே கரண்ட் வந்திருக்கவேண்டும் என்றார்.

தாமதம் அந்த மாளிகைக்குப் பிறவிக் குணம். 1864இல் போட்டி அறிவித்து, 1875இல் அடிக்கல் வைத்து, 1882 முதல் எட்டு வருடம் வேலையை நிறுத்திவைத்து, மீண்டும் தொடங்கினார்கள். தொடங்கிய மறுவருடமே கட்டடக் கலைஞர் பஸீலே இறந்துபோக, மகன் எர்னெஸ்தோ பொறுப்பெடுத்தார். இன்றைய கொம்பனிகளில் புறொஜெக்ட் மனேஜர் மாறினால் ஒப்படைப்புப் பத்திரம் எழுதுவார்கள். அன்றைக்குப் பரம்பரை உரிமை போதுமாக இருந்தது. 1897 மே 16ஆம் திகதி வேர்டியின் ஃபால்ஸ்டாஃப் ஒப்பெராவோடு திறந்தார்கள். இதே ஊரில் அரை மைல்கூட இல்லாத தூரத்தில் பொலித்தெயாமா என்ற இன்னொரு அரங்கை 1874இல் கூரை போடாமலேயே திறந்து ஆட்டம் நடத்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இப்போது மென்பொருள்காரர் அதற்கு பீட்டா வெளியீடு என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

தாமதத்துக்கு ஊரார் வைத்திருந்த காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாளிகைக்கு இடம் எடுப்பதற்காகக் கன்னியாஸ்திரி மடத்தையும் கோயிலையும் இடித்தார்களாம். கல்லறை கலைந்த கன்னியாஸ்திரி ஒருத்தி இன்னும் உள்ளே நடமாடுகிறாளாம். நம்பாதவர்கள் ஒரு குறிப்பிட்ட படியில் தடுக்கி விழுவார்களாம். ஆய்வறிக்கைகள் இதைவிடப் பெரிதாக ஒன்றையும் விளக்கவில்லை. பணம், அரசியல் இழுபறி, கொந்தராத்து ஊழல் என்று பட்டியல் போட்டன. மகளின் பாடத்தில் ஸ்கோப் கிறீப் என்று ஒரு வியாதி வருகிறது. வயர் மாற்றச் சுவரைத் திறப்பது, சுவரைத் திறந்தால் கூரையைப் பார்ப்பது, கூரையைப் பார்த்தால் முழுதையும் திருத்தலாமே என்பது. கன்னியாஸ்திரிக்கு அவர்கள் வைத்த பெயர் அது என்று வைத்துக்கொள்கிறேன்.

இதில் பெரிய பகிடி, வந்த புதிதில் பல்லாரோ சந்தைக்குப் பின்னால் எங்கள் அறையில் கசெட் போட்டுப் பார்த்த காட்ஃபாதர் மூன்றாம் பாகம். கடைசியில் மைக்கேல் கோர்லியோனியின் மகன் இந்த மாஸ்ஸிமோவில் ஒப்பெரா பாடுகிறான்; படிக்கட்டில் துப்பாக்கிச் சூடு. படம் வந்தது 1990இல். உலகமெல்லாம் தியேட்டர்களில் மாஸ்ஸிமோவுக்குள் ஒப்பெரா நடந்தது, மாஸ்ஸிமோவைத் தவிர. படிக்கட்டை மட்டும் இங்கே எடுத்தார்கள். உள்ளே நடப்பதாகக் காட்டியது வேறிடத்தில்.

இனிக் கார். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஃபியாட் தொழிலாளி ஒருவர் இருந்தார். பலெர்மோவுக்குக் கிழக்கே, நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், தெர்மினி இமெரேஸே என்ற கடற்கரை ஊரில் 1970இல் தொடங்கிய தொழிற்சாலை. சிசிலிப் பிராந்திய அரசும் பங்கு போட்டது. முதலில் ஃபியாட் 500, பிறகு 126, பாண்டா, புந்தோ. உச்சத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அந்த மனிதர் இருட்டோடு எழும்பிப் போவார். நான் வாளியும் தும்புத்தடியுமாக வரும்போது அவருடைய காலடி ஈரம் காய்ந்திருக்கும். நிமிடக் கணக்கில் பேசுவார். வரிசை ஓடும்போது ஒருவன் மூக்கைச் சொறிந்தால் பின்னால் எத்தனை கார் நிற்கும் என்று சொல்வார். எதிரே பூட்டிய மாளிகையைக் காட்டி, "எங்கள் ஃபோர்மன் ஒருத்தனை அனுப்பினால் ஒரு மாதத்தில் திறந்துவிடுவான்" என்பார். நானும் நம்பினேன். அந்த நாட்களில் எனக்கு ஒழுங்கு என்றால் தெர்மினி, ஒழுங்கீனம் என்றால் மாஸ்ஸிமோ.

1997 மே 12ஆம் திகதி மாஸ்ஸிமோ திறந்தது. கட்ட எடுத்தது 22 வருடம், திருத்த எடுத்தது 23. இசை நடத்துநர் கிளௌதியோ அப்பாதோ பெர்லின் வாத்தியக் குழுவோடு வந்தார். ஊரே சதுக்கத்தில் நின்றது, சிஞ்ஞோரா அழுதா. அன்றைக்கு அதை நான் ஒரு அதிசயம் என்று நினைத்தேன். இப்போது திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதிசயம் குறைகிறது. நான்கு நாள் தள்ளியிருந்தால் முதல் திறப்பின் நூறாவது ஆண்டு வந்திருக்கும். நூற்றாண்டை ஒத்திவைக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை.

இந்த ஊரின் சூட்சுமம் அதுதான் என்பது என் தீர்ப்பு. தெருவில் ஒரு குழியை மூடப் பருவங்கள் எடுக்கும் இதே பலெர்மோ, ஜூலை 14 இரவு தன் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் தேரைத் தெருவில் இறக்கத் தவறுவது அபூர்வம். கொள்ளைநோய் தீர்ந்ததற்கு நன்றியாக 1625இல் தொடங்கிய விழா, 2024இல் நானூறாவது. தேரின் அலங்காரம் ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும், பூச்சுக் காயாமலும் வரும். திகதி அசையாது. நல்லூரில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடியேறி இருபத்துநான்காம் நாள் தேர் என்றால் தேர்தான். வடம் பிடிக்க ஆள் காணாது என்று கந்தசுவாமியாருக்குக் கடிதம் எழுத முடியுமா? இங்கே எங்கள் சனம் செப்டெம்பரில் வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலையேறி ரொசாலியாவைக் கும்பிடுவதற்குப் பக்தி ஒரு காரணம். சொன்ன நாளில் வருகிற ஒரே பெரிய இடம் அவ என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெர்மினிக்கு அப்படியொரு தெய்வம் வாய்க்கவில்லை. ஒழுங்கெல்லாம் தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே, வெளியே கடல். உதிரிப் பாகங்களில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வரவேண்டும், முடிந்த கார் திரும்பக் கப்பலேறி வடக்கே போகவேண்டும். தேவையான பொருள் தேவையான நேரத்தில் வந்து சேரவேண்டும் என்பது ஜப்பானியர் கொடுத்த பாடம். அதற்குப் பாகம் செய்கிறவன் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். இங்கே அவனைக் கூப்பிட மெஸ்ஸினா நீரிணையைத் தாண்டவேண்டும். ஒரு காருக்கு ஆயிரம் யூரோ அளவில் கூடுதலாகச் செலவாகிறது என்றது நிறுவனம். மேல்மாடிக்காரர் வரிசையில் மிச்சம்பிடித்த வினாடிகளை எல்லாம் கப்பல் தின்றுவிட்டது. எண்பதுக்கு இருபது என்று பரேட்டோவின் பெயரில் ஒரு விதி இருக்கிறது, அந்த மனிதரும் இத்தாலியர்தான். தெர்மினியில் இருபது வீதம்கூடத் தேட வேண்டாம். ஒரே காரணம் போதும். அது 1970இலும் வரைபடத்தில் நீலமாகத்தான் இருந்தது.

2011 முடிவோடு மூடுவோம் என்று 2009இல் ஃபியாட் தலைமை நிர்வாகி மர்க்கியோன்னே சொன்னார். 2011 நவம்பர் 24ஆம் திகதி கடைசி லான்ஸியா இப்ஸிலோன் வெளியே வந்தது. இந்தத் தீவில் குறித்த காலத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே முடிந்த பெரிய வேலை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். வாங்க வந்த முதல் ஆள் பணம் திரட்ட முடியாமல் போனார். அடுத்து வந்த கொம்பனியின் தலைவர்கள் அரசு நிதி விவகாரத்தில் 2019இல் கைதானார்கள். 2024இல் தொழிற்சாலை ஒரு ஆஸ்திரேலியக் குழுமத்தின் கைக்கு மாறியது. இத்தனைக்கும் நடுவில் தொழிலாளருக்கு வந்த உதவித்தொகை, தற்காலிகமானது என்ற பெயரோடு, பத்து வருடத்துக்கு மேல் நீடித்தது. மகளிடம் கேட்டேன், இது புறொஜெக்டா ஒப்பரேஷனா என்று. "அப்பா, சோதினைக்கு இது வராது" என்றாள்.

கடலைத் தாண்டப் பாலம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மெஸ்ஸினா பாலத்துக்குச் சட்டம் வந்தது 1971இல். அதைக் கட்ட 1981இல் ஒரு அரச கொம்பனி உருவானது. கந்தோர், சம்பளம், வரைபடம் எல்லாம் இருந்தன. 2013இல் கொம்பனியைக் கலைக்கத் தொடங்கி, கலைத்து முடியுமுன் 2023இல் உயிர்ப்பித்தார்கள். 2025 ஓகஸ்டில் 1,350 கோடி யூரோவுக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒக்டோபரில் கணக்காய்வு நீதிமன்றம் மறுத்தது. தொடக்கமும் முடிவும் உள்ளதுதான் புறொஜெக்ட் என்று எழுதிய புத்தகத்தை அந்தக் கந்தோருக்கு ஒரு பிரதி அனுப்பலாம்.

மேல்மாடிக்காரர் இப்போது பென்ஷனில் இருக்கிறார். மாஸ்ஸிமோவுக்குச் சீசன் டிக்கெட் எடுக்கிறார். நீங்களும் பலெர்மோ வந்தால் ஒரு ஒப்பெரா பாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், கால் மணி நேரம் முந்திப் போங்கள். தொடங்கியபின் வருகிறவர்களை அந்தத் தியேட்டரில் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள்.