தொட்டில் வந்த கதை

கட்டிலோடு ஒட்டி நிற்கும் தொட்டிலுக்காக ஒரு மாதம் அலைந்தோம். மெத்தை உயரத்தை டேப் வைத்து மூன்று முறை அளந்தேன். இடுக்கு இருக்கக்கூடாது, மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கவேண்டும், தலையணை ஆகாது, முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோர் அறையிலேயே தூங்கவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் சொன்னதை அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா அண்ணாந்து உத்தரத்துக் கொக்கியைப் பார்த்தார். "நீ வளர்ந்தது என் நூல்புடவைத் தூளியிலதான்டா."

தொட்டில் வந்தது. பூட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம்.

இப்போது அதில் துவைத்த துணிகள் தூங்குகின்றன: மல்லாந்து, தலையணையில்லாமல், விதிப்படி. குழந்தை அம்மாவின் மடியில். விழித்திருப்பது நாங்கள் இருவரும், அந்த இரண்டு திருகாணிகளும்தான்.