ஊர்பேர் தெரியாத பொடி

வாய்யா மருமவனே, வா. பழைய இரும்புக்கடையில எடைக்குப் போட்டான்னு ஒரு பை சாம்பல் நிறப் பொடியை வாங்கிட்டு வந்து, "மாமா, இது எத்தனாம் நம்பர் கிரிட்?"னு கேக்குறியே, கெட்டிக்காரன்தான்யா நீ. வைப்பாத்துல பொறுக்கின கல்லை உருட்டி மினுக்குறதுக்கு ஆன்லைன்ல மெஷினு, அதுக்கு வாரன்டி கார்டு, பில்லு எல்லாம் பத்திரமா வச்சிருக்க. உள்ள போடுற தூளுக்கு மட்டும் லேபிள் இல்ல. பூ வச்சு, பந்தக்கால் நட்டப்புறம் பொண்ணுக்கு எந்த ஊருன்னு விசாரிக்கிற கதையால்ல இருக்கு.

நம்பரை அப்புறம் கேளு. முதல்ல அது கல்லைத் தேய்க்கிற கிரிட்தானான்னு கேளு. நீ வேற ஊருல இருந்து இந்தப் பையைத் தூக்கிட்டு வந்திருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். இது விஸ்வநத்தம்டா. இந்தப் பக்கம் வெடி ஆபீஸு, அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸு, சிவகாசிப் பக்கம் திரும்புனா அச்சாபீஸு. மூணுலயும் சாம்பல் நிறத்துல பொடி உண்டு. மத்தாப்புக்குப் போடுற அலுமினியப் பவுடரும் சாம்பல்தான். அஞ்சனக்கல் பொடியும் கருஞ்சாம்பல்தான். பழைய லித்தோ அச்சகத்துல துத்தநாகத் தகட்டைச் சொரசொரப்பாக்க, தொட்டியில கோலிக்குண்டும் தூளும் தண்ணியும் போட்டு ஆட்டுவாங்களே, அந்தத் தூளும் கிட்டத்தட்ட அதே நிறம். இந்த மூணாவது ஆளா இருந்தா நீ அதிர்ஷ்டக்காரன்.

"பத்த வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்ல மாமா?" நல்லாத் தெரியும். தெருவுக்கே தெரியும். பத்த வைக்கக் கூடாது, சுத்தியலால தட்டக் கூடாது, காய்ஞ்ச பொடியை ரெண்டு கல்லுக்கு நடுவுல வச்சுத் தேய்க்கக் கூடாது. வெடி ஆபீஸ் மருந்து ரூம்ல ஒரு மணல் துணுக்கு கெடந்தா போர்மேன் முகம் எப்படிப் போகும்னு நீ பாத்ததில்ல. எரியுற சரக்கும் உப்பும் கலந்து கெடக்கிற இடத்துல கெட்டியா ஒரு துணுக்கு மாட்டி உரசுனா, உரசுற அந்தப் புள்ளியில மட்டும் சூடு ஏறும். அது போதும். அதுக்குத்தான் சலிக்கிறதும், செருப்பைக் கழட்டச் சொல்றதும், ரப்பர் விரிப்பும், இரும்புக் கரண்டி கூடாதுங்கிறதும். ஊரே கரகரப்பைக் கண்டு ஓடுது, நீ காசு குடுத்து வாங்குற! ஆனா தீப்பெட்டிக்காரன் அதே கரகரப்பை வேணும்னே போடுவான். குச்சித் தலையிலயும் கண்ணாடித்தூள், பெட்டிப் பக்கவாட்டுல சிவப்புப் பாஸ்பரஸோட கண்ணாடித்தூள். அவனுக்கு உரசுனா பத்தணும், வெடி ஆபீஸ்காரனுக்கு உரசுனாலும் பத்தக் கூடாது.

இன்னொண்ணும் கேட்டுக்க. அது அலுமினியப் பவுடரா இருந்து, நீ பாட்டுக்குத் தண்ணி ஊத்தி, ரப்பர் டப்பா மூடியை இறுக்கி, ஒரு வாரம் உருள விட்டேன்னு வை. அலுமினியத்துமேல இருக்கிற மெல்லிசான துருத்தோல்தான் அதைத் தண்ணிகிட்ட இருந்து காப்பாத்துது. உள்ள கல்லு உருண்டு அந்தத் தோலை உரிச்சுக்கிட்டே இருக்கும். ஹைட்ரஜன் கெளம்பும், சூடும் ஏறும், வெளிய போக வழி கிடையாது. மருந்துல போரிக் ஆசிட் சேக்கிறதே, ஈரம் பட்டா அலுமினியம் இந்த வேலையைக் காட்டக் கூடாதுன்னுதான்.

சரி, பயந்துராத. முதல் சோதனைக்குக் காசு செலவில்ல: வித்தவனைக் கேளு, அவனுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு. கடைக்காரன் தலையைச் சொறிஞ்சான்னா, ரெண்டாவது தண்ணி. வீட்டுக்குள்ள இல்ல, வாசல்ல. மூடாத கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ஒரே ஒரு சிட்டிகை தூவு. அலுமினியம் பெரும்பாலும் மேல மிதந்து வெள்ளிப் படலமா விரியும். விரல்ல பட்டா சோப்புப் போட்டாலும் லேசுல போகாது. பட்டாசு மருந்துல சேர்ற வெடியுப்போ பச்சை உப்போ இருந்தா கரையும். கலங்கலா இருந்து சந்தேகம் வந்தா, தெளிஞ்ச தண்ணியில ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டுல காய விடு. உப்புப் பூத்தா சோதனை அத்தோட முடிஞ்சது. கேன் தண்ணியில பாரு, என்ன? நம்ம ஊரு போர் தண்ணியில பாத்தா கோயில் விபூதிகூட வெடியுப்புன்னுதான் சொல்லும்.

மிதந்தாலோ கரைஞ்சாலோ பையை வீட்டுல வச்சுக்காத, குப்பையிலயும் கொட்டாத. லைசென்ஸ் உள்ள ஆபீஸ் போர்மேன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டு. வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி ஆபீஸே சிவகாசியில இருக்கு, கேக்க நாதியில்லைன்னு சொல்ல முடியாது.

கரையாம, மிதக்காம, கப்புன்னு அடியில உக்காந்துச்சா? இப்பத்தான் நீ கேட்ட கேள்விக்கு வர்றோம். ஈரத்தோடயே ஒரு துளி எடுத்து உடைஞ்ச பாட்டில் மேல வச்சு மரக்குச்சியால தேய். அஞ்சனக்கல் தண்ணியில முங்கும், ஆனா மோஸ் அளவுல அதோட கடினம் 2 தான், கண்ணாடி 5.5. கோடு விழாது. கோடு விழுந்துச்சுன்னு உடனே குதிக்காத, ஆத்து மணலுக்கும் விழும். அடுத்து வெங்கச்சாங்கல்லு ஒண்ணு எடு. அது 7. அதுலயே கோடு போட்டா, உன் தூளு அலுமினிய ஆக்சைடு, அதான் நம்ம குருந்தக்கல் சாதி, 9. இல்லைன்னா அதைவிடக் கொஞ்சம் மேல நிக்கிற கார்பரண்டம், அதாவது சிலிக்கன் கார்பைடு. ரெண்டையும் பிரிக்க நிறம் கொஞ்சம் சொல்லும்: கார்பரண்டம் கருப்பாவோ பச்சையாவோ லென்ஸுல கண்ணாடிச் சில்லு கணக்கா முனைமுனையா மின்னும். குருந்தம் வெள்ளையோ பழுப்போ.

நிறத்தை நம்பாதவன் எடையை நம்பணும். தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கிற மாதிரி ஒரு அளவு ஜாடி கடன் வாங்கு. 100 மில்லி தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, காத்துக்குமிழ் ஒட்டாம இருக்க. தூளை நல்லாக் காய வச்சு 100 கிராம் நிறுத்துப் போட்டுக் கலக்கு. தண்ணி 31 மில்லி ஏறுச்சுன்னா கார்பரண்டம். 25 ஏறுச்சுன்னா குருந்தம். 38 பக்கம் போச்சுன்னா வெறும் மணலு, கடைக்காரன் உன்னை ஏமாத்திப்புட்டான். 13க்குள்ள நின்னா இரும்புத்தூள், அதைக் காந்தமே சொல்லியிருக்கும். மணவாளக்குறிச்சிக் கடல்மணல்ல வர்ற கார்னெட்டும் 25 கிட்டத்தான் காட்டும், ஆனா அது செவந்த நிறம், பாத்தாலே தெரிஞ்சிரும்.

கார்பரண்டம் ஒண்ணும் பூமியில வெட்டியெடுத்தது இல்ல. 1891ல அமெரிக்காவுல அச்சிசன்னு ஒருத்தர் உலையில போட்டு எடுத்தது. நம்ம பக்கம் 1954ல சென்னையில முருகப்பா குழுமம் கார்பரண்டம் யுனிவர்சல் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி? காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைக் குருந்தக்கல்லு உண்டு. சாணை பிடிக்கிறவர் அந்தக் கல்லுத்தூளை அரக்குல குழைச்சுச் சக்கரம் பண்ணுவாரு. வெம்பக்கோட்டைக்குப் போயிருக்கியா? இதே வைப்பாத்துக் கரைதான். 2022ல தோண்ட ஆரம்பிச்சாங்க. காளை உருவம் செதுக்கின சூதுபவளக் கல்லு அங்க கெடைச்சிருக்கு. சூதுபவளம் கிட்டத்தட்ட வெங்கச்சாங்கல் அளவு கெட்டி, அதைக் கீறணும்னா அதைவிடக் கெட்டியான ஒண்ணு அந்த ஆசாரி கையில இருந்திருக்கணும்ல? அவருக்கு லேபிள் எழுதிக் குடுத்தது யாரு? குஜராத்துக் கம்பாத்துல மணியையும் குருந்தத் தூளையும் தண்ணியையும் தோல்பையில போட்டுத் தைச்சு, ஆளுங்க முன்னும் பின்னும் நாள்கணக்கா உருட்டுவாங்களாம். உன் மெஷினோட தாத்தா அந்தத் தோல்பை. கரண்டு பில்லு மட்டும் கெடையாது.

இனி நம்பர். அது ஒண்ணும் பரம ரகசியமில்ல. முரட்டுத் தூளுக்கு அது அங்குலத்துக்கு எத்தனை கண்ணுள்ள சல்லடையில இறங்குச்சுங்கிற கணக்கு. மருந்து சலிக்கிற எந்தப் பொம்பளையும் உனக்குச் சொல்லிக் குடுப்பா. பெயிண்ட் கடையில 80, 220, 400 உப்புத்தாள் ஒவ்வொண்ணு வாங்கி, பக்கத்துல உன் தூளைத் தூவி லென்ஸ் வச்சுப் பாரு. 80ன்னா மணி மில்லிமீட்டருல அஞ்சுல ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியும். 220ன்னா அதுல மூணுல ஒரு பங்கு. 500ன்னா மாவுதான், தண்ணியில ரொம்ப நேரம் கலங்கலாவே நிக்கும். பெருசும் சிறுசும் கலந்து கெடந்தா, எரிச்சல்படாம முதல் சுத்துக்கு மட்டும் வச்சுக்க. கார்பரண்டம் உருள உருளத் தானே உடைஞ்சு சின்னதாகும், முதல் சுத்துல அது யோக்கியமாவே நடந்துக்கும். கடைசிப் பளபளப்புக்கு மட்டும் அந்தப் பையைக் கிட்ட சேக்காத. ஒத்தை முரட்டு மணி தப்பி உள்ள போனாலும் ஒரு மாசத்து உருட்டலைக் கீறிப் போட்டுரும். ஒவ்வொரு சுத்துக்கு நடுவுலயும் டப்பாவைக் கழுவு. கழுவுன சேத்தைச் சாக்கடையில ஊத்துனா குழாய்க்குள்ள உக்காந்து இறுகிரும், கொல்லையில குழி வெட்டி ஊத்து.

மூக்கைப் பொத்திக்கிட்டு வேலை பாரு, காய்ஞ்ச தூளை ஊதி விளையாடாத, நெஞ்சுக்கு ஆகாது.

இப்ப நேரா கடைக்குப் போய்க் கேட்டுட்டு வா. வெடி ஆபீஸ்ல இருந்து வந்த சரக்குன்னு சொன்னான்னா என்கிட்ட வராத, போர்மேன்கிட்டப் போ. அச்சாபீஸுச் சரக்குன்னா தண்ணிச் சோதனையை முடிச்சுட்டு, மெஷினையும் தூக்கிக்கிட்டு இங்க வா. நாலு கல்லு நானும் எடுத்து வச்சிருக்கேன். உன் கல்லோட சேத்துப் போடு, கரண்டு பில்லு உன்னுது.