மாமா தட்டிப் பார்க்கிறார்

பாத்திரக்கடைக்குத் துணைக்கு வரும் மாமா விரலை மடக்கிக்கொண்டேதான் படியேறுவார். மதுரை வெண்கலக்கடைத் தெருவில் சீர்ப் பாத்திரம் எடுப்பவர்கள், புதிதாக மெஸ் வைப்பவர்கள் என்று எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் உண்டு. பணம் இன்னொருவருடையது, தீர்ப்பு இவருடையது.

தீர்ப்பு காதால் வழங்கப்படும். இடது கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, வலது கை நடுவிரல் முட்டியால் ஒரே தட்டு. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கடைப்பையன், பெண்ணைப் பெற்றவர், வாசலில் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரர் எல்லாரும் அதுவரை வாய் திறக்கக் கூடாது. வெண்கல உருளிக்கு இந்தச் சோதனை நியாயமே. ஏறக்குறைய நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த உலோகம் அது. மணி வார்ப்பதும் அதில்தான். கீறல் இருந்தால் நாதம் செத்துவிடும். ஆனால் மாமா உருளியோடு நிற்பதில்லை. துத்தநாகம் கலந்த பித்தளைக் குடத்தைத் தட்டி, "நாதம் பத்தலையே" என்பார். 232 டிகிரியில் உருகிவிடும் ஈயச்சொம்பையும் விடமாட்டார். அடுத்து இட்லிக் கொப்பரை, பரோட்டாக் கல், ஜல்லிக்கரண்டி. பிளாஸ்டிக் டப்பாவும் தப்பியதில்லை.

எவர்சில்வரில் காது கைவிட்டால் சட்டைப்பையிலிருந்து காந்தம் வெளியே வரும். ஒட்டினால் மட்டமாம். 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. அதைத் தரம் என்று தூக்கிக் கொடுத்துவிடுவார். காந்தம் ஒட்டியே தீரவேண்டிய இண்டக்ஷன் பாத்திரத்தையோ, "இரும்பைக் கலந்துட்டான்டா" என்று ஒதுக்குவார். எவர்சில்வரே பெரும்பங்கு இரும்புதான் என்று அவரிடம் யார் சொல்வது? கடைக்காரர் சொல்ல மாட்டார். "அண்ணே தட்டுனா சரியாத்தான் இருக்கும்" என்று காபிக்கு ஆள் அனுப்புவார்.

பேரம், பேர் வெட்டுதல் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பழையது எடைக்குப் போடும் இடத்தில் மட்டும் மாமா சற்று வேறு ஆள். மூட்டையைக் கிளறி, நசுங்கிய அடுக்கு ஒன்றை எடுத்து, அதில் வெட்டியிருக்கும் பாட்டி பேரைத் தடவிப் பார்த்து, "இது வேணாம், வீட்டுக்குக் கொண்டு போ" என்பார். அந்த ஒரு நிமிடம் அவரைப் பிடித்துப்போகும்.

அடுத்த நிமிடமே பெரிய அண்டாவைக் காட்டி, கனமாக இருந்தால்தான் உழைக்கும் என்பார். விலை கிலோக் கணக்கு. அவர் ஒரு நாளும் ஒரு டம்ளரைக்கூடத் துலக்கியவர் இல்லை. அண்டாவைத் தூக்கிக் கழுவிக் கவிழ்க்க வேண்டிய பெண்கள் அதே கடையில்தான் நிற்கிறார்கள். எது வேண்டும் என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.