‘ஆன்ரோடு’ தம்பி

கோவை அவினாசி சாலையில் எந்தக் கார் ஷோரூமுக்குப் போனாலும், நாம் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்குள் தம்பி எழுந்து நின்றிருப்பான். தேய்த்த முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பையில் இரண்டு பேனா. விசிட்டிங் கார்டில் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்று இருக்கும். மேனேஜ் பண்ண அவனுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. ரிலேஷன்ஷிப் மட்டும் தாராளம். காபி வருவதற்குள் நம் மாமியார் அவனுக்கு அம்மா ஆகிவிடுவார்.

காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததைவிடக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தது அதிகம். பணம் கட்டுபவர் அப்பா, ஓட்டப்போகிறவன் மகன், முடிவு சொல்லப்போவது அம்மா என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவான். அப்பாவுக்கு மைலேஜ், மகனுக்கு சன்ரூஃப். அம்மாவுக்கு மட்டும் பின்கதவைத் திறந்து, “உக்காந்து பாருங்கம்மா, முட்டி மடங்குதுங்களா?” என்பான். அந்த நிமிடமே பாதி வியாபாரம் முடிந்தது.

மீதிப் பாதி ஒரு வெள்ளைத்தாளில் நடக்கும். மேலே ‘எக்ஸ்ஷோரூம்’ என்று அழகாக ஒரு தொகை எழுதுவான். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். பிறகு பேனா கீழே இறங்கும். ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, அதைத் தாண்டினால் 18, 20 லட்சத்துக்கு மேல் 20. அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டை 2018 முதல் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியாக வேண்டும். அப்புறம் ஃபாஸ்டேக், கூடுதல் வாரண்டி, மிதியடி, மட்ஃப்ளாப். கடைசியில் ‘ஆன்ரோடு’ என்று ஒரு தொகையைச் சுற்றி வட்டம் போடுவான்.

“ஏந்தம்பி, டாப் மாடல் பத்தாயிரம்தான் ஜாஸ்தின்னீங்க?”

“வண்டி பத்தாயிரம்தானுங்க சார். 10 லட்சத்தைத் தாண்டிருச்சுங்க, வரி தூக்கிருச்சு.”

“இது என்ன, டி.சி.எஸ்.ஸு ஒரு பர்சென்ட்?”

“அது உங்க காசுதானுங்க சார். ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துருங்க.”

வராத காசையும் நம் காசாகவே காட்டும் வித்தை அவனுக்குக் கைவந்தது. தள்ளுபடி கேட்டால், “மேனேஜர்ட்ட பேசிட்டு வந்தர்றேனுங்க” என்று கண்ணாடி அறைக்குள் போவான். நமக்காக வாதாடுகிறான் என்று நாம் வெளியே உருகிக்கொண்டிருப்போம். உள்ளே, போன மாதம் புக் செய்துவிட்டு ஓடிப்போன வேறொருவருக்காக அவன் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். திரும்பி வரும்போது கையில் நான்கு மட்ஃப்ளாப் இலவசம்.

ஷோரூமில் வேலை பார்ப்பவன் இவன் ஒருவன் மட்டும் அல்ல. நம் பழைய காரின் கதவு ரப்பரை உரித்து, வெல்டிங் புள்ளிகளைத் தடவிப் பார்த்து, “இடிச்சிருக்குது” என்று ஒரே வார்த்தையில் விலையைக் குறைக்கும் எக்ஸ்சேஞ்ச்காரர் உண்டு. சிபில் ஸ்கோரைப் பார்த்ததும் சிரிப்பை மாற்றிக்கொள்ளும் லோன்காரர் உண்டு. இன்சூரன்ஸ் மேசை, ஆர்.டி.ஓ. வேலைக்கு ஒருவர், பின்கட்டில் சர்வீஸ் அட்வைசர் என்று பெரிய பட்டாளம். ஆனால் யார் என்ன செய்தாலும் நாம் போன் போட்டுக் கத்துவது தம்பிக்குத்தான்.

பஞ்சாங்கத்தில் அவன் குருக்களுக்கே பாடம் எடுப்பான். ஆடியில் டெலிவரி கிடையாது, செவ்வாய் ஆகாது, வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பதெல்லாம் விரல்நுனியில். மேனேஜருக்கோ 31-ம் தேதிதான் ஒரே முகூர்த்தம். அன்று அஷ்டமி வந்து தொலைத்தால், “பில்லை மட்டும் இன்னிக்குப் போட்டுக்கலாமுங்க, வண்டியை நல்ல நாள்ல எடுத்துக்கங்க” என்று சந்திரனையும் டார்கெட்டையும் சமாதானம் செய்துவைப்பான்.

2025-ல் அவனுக்கு ஒரு சோதனை வந்தது. ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15-ல் பிரதமர் அறிவித்ததும், வந்தவர்கள் எல்லாம் ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “குறையட்டும் தம்பி, பார்க்கலாம்” என்று போய்விட்டார்கள். சிறிய கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது செப்டம்பர் 22-ல். அன்றைக்கே நவராத்திரியும் தொடங்கிவிட்டது. அதுவரை ஈ ஓட்டியவனுக்கு அப்புறம் சோறு தின்ன நேரமில்லை.

டெலிவரி நாளில் சிவப்புத் துணியை விலக்கி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆளுயர அட்டைச் சாவியை அப்பா கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பான். எல்லாப் படத்திலும் நம் குடும்பம் இருக்கும். எடுத்தவன் இருக்க மாட்டான். பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்து, “சார், கம்பெனில இருந்து போன் வருமுங்க. பத்துக்குப் பத்து சொல்லிருங்க. எட்டுன்னா எனக்கு பெயிலுங்க” என்பான். நம்பர் பிளேட்டில் கூட்டுத்தொகை எட்டு வந்தால் நமக்கு ஆகாது. மார்க்கில் எட்டு வந்தால் அவனுக்கு ஆகாது.

எல்லாம் முடிந்து, பத்து லட்ச ரூபாய் வண்டியை வாசல்வரை வழியனுப்பிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவன் பைக்கில் வீட்டுக்குப் போவான். அடுத்த வருடம் போன் செய்வான்: “சார், நான் இப்ப எதிர் ஷோரூம்ல இருக்கேனுங்க. அந்த வண்டியைவிட இது சூப்பருங்க.” போன வருடம் அந்த வண்டியை நம் தலையில் கட்டியதும் இதே குரல்தான். கோபப்படாதீர்கள். அன்றும் மனசாரத்தான் சொன்னான். இன்றும் மனசாரத்தான் சொல்கிறான். மாறியது டார்கெட் மட்டுமே.

ஆகவே கார் வாங்கப்போகும் மகாஜனங்களே, இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெளியிலும் விலை விசாரியுங்கள். மட்ஃப்ளாப்பைக் கேட்டு வாங்குங்கள். போன் வந்தால் மட்டும், மறக்காமல் பத்துக்குப் பத்து போட்டுவிடுங்கள்.