அசல் பேரன்

பேரன்போல் போனில் பேசிப் பணம் பறிக்கும் மோசடிக்கு ஜப்பானில் 'ஒரே ஒரே' என்று பெயர். நம் காதில் ஒரே ஒரு பேரன் என்பதுபோல் விழும். அங்கே 'நான்தான், நான்தான்' என்று அர்த்தம். போனில் அதை மட்டும் சொல்லிவிட்டு மோசடிக்காரன் காத்திருப்பான். பெயரைப் பாட்டியே எடுத்துக்கொடுத்துவிடுவார். 2004இல் போலீஸ் இந்த வகை மோசடிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு புதுப்பெயர் வைத்தது. தொழில் நிற்கவில்லை.

இப்போது பெயர் கேட்கும் சிரமமும் இல்லை. பேரன் ரீல்ஸில் உளறியதில் சில விநாடிகள் கிடைத்தால் போதும், அதே குரலில் அழ வைக்கலாம். "ஆக்சிடென்ட் பாட்டி, அப்பாகிட்ட சொல்லிடாத, இந்த நம்பருக்குப் பணம் போடு."

எங்கள் பெரியம்மாவுக்கும் இப்படி ஒரு போன் வந்தது. தப்பித்துவிட்டார், வங்கி அனுப்பும் எச்சரிக்கைகளைப் படித்து அல்ல. அவன் எடுத்த எடுப்பில், "சாப்டியா பாட்டி? மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தான். 'எம் பேரன் இதெல்லாம் கேக்கற ஜாதி இல்லையே' என்று துண்டித்துவிட்டு, பேரனின் பழைய நம்பருக்கே போட்டார். ஆறாவது தடவை எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன் பாட்டி, என்ன இப்ப?" என்று எரிந்து விழுந்தான். அசலேதான்.

பிறகு வீட்டில் ஒரு ரகசிய வார்த்தை வைத்தார்கள். மருமகள் அதை அறுபது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய 1930, பெரியம்மாவின் காலண்டரில் கேஸ்காரர் நம்பருக்குக் கீழே இருக்கிறது. பேரன் நம்பர் அதற்கும் கீழே.