ஓட்டு உள்ள சிப்பாய்

1965 ஜூலை 28. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நிருபர்களிடம் அறிவித்தார்: வியட்நாமில் படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும், கட்டாய ஆள்சேர்ப்பு மாதம் 17,000-லிருந்து 35,000 ஆகும், ரிசர்வ் படையை அழைக்க இப்போதைக்கு அவசியமில்லை. அதே கூட்டத்திலேயே உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதி நியமனமும் ஆயிற்று. ஆபீசில் அன்றைய தபால் பார்த்த மாதிரி.

கணக்கு புரிகிறது. ரிசர்வ்காரர் ஊரில் பேங்க் கேஷியர், பள்ளிக்கூட வாத்தியார், கடை முதலாளி. பெண்டாட்டி பிள்ளை உண்டு. முக்கியமாக, ஓட்டு உண்டு. ஒரு யூனிட்டைக் கப்பலேற்றினால் செனட்டர் வீட்டு வாசலில் ஒரு ஊரே வந்து நிற்கும். பத்தொன்பது வயதுப் பையனால் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கி தூக்க 18 போதும். ஓட்டுப்போட, பெரும்பாலான மாநிலங்களில், 21 ஆகவேண்டும். (அதைக் குறைக்க 1971 வரை யாருக்கும் அவசரமில்லை.)

விளைவு, ரிசர்வ் படையின் ஒரு பகுதியான நேஷனல் கார்டில் சேர அடிதடி. போருக்குப் போகாமலிருக்க ராணுவச் சீருடையே நல்ல வழி என்றானது. 1968-ல் டெக்சாஸ் விமானப் பிரிவில் ஒரு வாலிபருக்கு இடம் கிடைத்தது. பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பின்னாளில் அதே நேஷனல் கார்டை ஆயிரமாயிரமாக இராக்குக்கு அனுப்பிய அதிபரும் அவரேதான்.