பிழையே இல்லாத கணக்கு நோட்டு

எதிர்வீட்டுப் பாப்பா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊர் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அவளுடைய கணக்கு நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அருமையான நோட்டு. சிவப்பு மார்ஜின், பக்கத்துக்குப் பக்கம் தேதி, விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடு. காரணிகள், மடங்குகள், பின்னம், தசமம், கோணம், சுற்றளவு, பரப்பளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க வேண்டியது அத்தனையும் வரிசையாக இருக்கிறது. ஓர் இடத்திலும் அடித்தல் இல்லை, ரப்பர் தேய்த்த தடம் இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் டீச்சரின் டிக். முப்பது நாற்பது நோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒன்று விடாமல் டிக் போடுவது லேசான வேலை இல்லை. அந்த உழைப்புக்கு என் வணக்கம்.

பாப்பாவோடு படிக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணின் நோட்டையும் பார்த்தேன். அதுவும் அப்படியே. அதே கணக்கு, அதே வரி, அதே இடத்தில் அதே இரண்டு கோடு. அதிலும் ஒரு தப்பு இல்லை.

“எல்லாம் நீயே போட்டதா பாப்பா?”

“மிஸ் போர்டுல போட்டுடுவாங்க அத்தை. நாங்க பாத்து நீட்டா எழுதணும். தப்பு வந்தா பக்கத்தைக் கிழிச்சுட்டுத் திரும்ப எழுதணும்.”

பெருமையாகத்தான் சொன்னாள். சொன்னபடி செய்த பிள்ளை. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். “நாலுல ஒண்ணு. நாலுதானே பெருசு” என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆயாவிடம் திரும்பி, அரைக்கால் பெரிதா வீசம் பெரிதா என்று கேட்டேன். ஆயா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே இல்லை. “இது ஒரு கேள்வியா? ரெண்டு வீசம் சேந்தாத்தானே அரைக்காலு” என்றார். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. ஆயாவிடம் நோட்டு கிடையாது.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2025இல் ‘மேத்ஸ் மேளா’ வருவதற்கு முன்பு, என்.சி.இ.ஆர்.டி.யின் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘மேத்-மேஜிக்’. அதில் முதல் பாடமே மீன். மரப்படகு, விசைப்படகு, மீன் விற்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் வங்கி என்று போய், மீன் காய்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்ற கருவாட்டுக் கணக்கு வரைக்கும் அதில் உண்டு. பாகூர் கொம்யூனின் கடலோரத்தில் நரம்பையிலும் பனித்திட்டிலும் இருக்கும் பிள்ளைகளை நினைத்து எழுதியது போல இருக்கும். குழந்தையை யோசிக்க வைக்க வேண்டும் என்ற அக்கறை கொண்டவர்கள் அதை எழுதியவர்கள். அது வந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும். கருவாட்டு வாசத்திலேயே வளர்ந்த பிள்ளை ‘டிரைடு ஃபிஷ்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிக் கடந்த பிறகுதான் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதற்குள் மணி அடித்துவிடும். போர்டில் விடை தயாராக இருக்கும்.

புதுச்சேரி அரசின் வேகத்தையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்த அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025இல் அதன் முதல் பொதுத்தேர்வையும் எழுதி முடித்துவிட்டன. டெல்லிப் பிள்ளைக்கு என்ன பாடமோ அதுவே வில்லியனூர்ப் பிள்ளைக்கும். சின்ன விஷயம் இல்லை இது. சில ஆண்டுகளில் புத்தகம் மாறியது, தேர்வு மாறியது, மார்க் போடும் முறை மாறியது. பாப்பாவின் வகுப்பில் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: டீச்சர் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள்.

பரப்பளவுப் பாடத்தில் பதினான்கு கணக்கு, பதினான்கும் சரி. நீளம் பெருக்கல் அகலம், விடை சதுர சென்டிமீட்டரில். பாப்பாவின் தாத்தாவுக்கு ஏரிப் பாசனத்தில் அரைக் காணி நிலம். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நிலத்தைக் குழியில்தான் பேசுவார்கள். 100 குழி ஒரு காணி. ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. (தஞ்சாவூர்ப் பக்கம் போனால் 144 சதுர அடிதான் ஒரு குழி.) “எங்களுக்கு அம்பது குழி” என்று பாப்பா உடனே சொல்லிவிடுவாள். ஒரு குழி எவ்வளவு பெரிது என்று கேட்டால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நெல் காயவைக்கும் களத்துக்குப் போனோம். கயிற்றில் 24 அடி அளந்து முடிச்சுப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். பாப்பா உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தாள். “இதுவா ஒரு குழி? எங்க வீடே இவ்ளோதான் இருக்கும் அத்தை!” அப்புறம், ஐம்பது வீடு நிற்குமா நம் நிலத்தில் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

கயிற்றைப் பாதியாக மடித்துக் கொடுத்தேன். 12 அடிக்கு 12 அடி எத்தனை குழி? “அரைக் குழி” என்றாள், யோசிக்காமல். சரி, கட்டம் போட்டுப் பார் என்றேன். ஒரு மூலையில் போட்டாள், பக்கத்தில் இன்னொன்று போட்டாள். இரண்டு போட்ட பிறகும் பாதி இடம் காலியாகக் கிடந்தது. அங்கேயே வெகுநேரம் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதையும் நான்காவதையும் போட்டு முடித்ததும், “நாலு புடிக்குது அத்தை! அப்ப இது கால் குழி!” என்று கத்தினாள். நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு காலாகும் என்பதை அந்தப் பெண் தன் காலால் நடந்து கண்டுபிடித்தாள்.

“இதை நோட்டில் எழுதிக்கோ பாப்பா.”

“வேணாம் அத்தை. முதல்ல தப்பா சொன்னேன் இல்ல? நோட்டுல தப்பு இருக்கக் கூடாது.”

கல்விக்குக் கொடுப்பதில் எங்கள் ஊருக்கு இணை சொல்ல முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாகூர் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. அன்றைக்கு அந்த வாசலை மிதிக்க எல்லாப் பிள்ளைக்கும் உரிமை கிடையாது. இன்றைக்குக் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணும் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். மூன்று ஊர்க் கொடையைவிட இது பெரிது என்பேன். அப்படிப் பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பிள்ளையின் கையில், பார்த்து எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

பெற்றோர் நாமும் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. நோட்டைத் திறந்து பார்க்கிறோம். டிக் இருக்கிறதா, ‘குட்’ இருக்கிறதா என்று தேடுகிறோம். இல்லாவிட்டால் பள்ளிக்கே போய்ச் சண்டை பிடிக்கிறோம். நாம் கேட்டோம், பள்ளிக்கூடம் கொடுத்தது.

2024ஆம் ஆண்டின் அசர் (ASER) என்ற கல்வி ஆய்வில், இந்தியக் கிராமங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு வகுத்தல் கணக்கைப் போட முடிந்தவர்கள் 30.7 சதவீதம். அந்த ஆய்வுக்கு வருபவர்கள் நோட்டைக் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளையை எதிரே உட்கார வைத்து, நீ போடு என்கிறார்கள்.

டீச்சர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது போர்டில் விடை எழுதாதீர்கள். பிள்ளை தப்பாகப் போடட்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள், அது நோட்டிலேயே இருக்கட்டும். பெற்றோரே, தப்பைப் பார்த்ததும் கையை ஓங்காமல் “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேளுங்கள்.

பாப்பா கடைசியில் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். 288 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 144 என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.